பிட் மாற்றும் திருப்புளி: புதிதாகக் கையாளுவோருக்கான வழிகாட்டி

சுவிட்ச் போர்டின் மூடியில் நேர்க்கோட்டு வெட்டு, கதவுக் கீலில் கூட்டல் குறி, மடிக்கணினியின் அடிப்பகுதியில் அதே கூட்டல் குறியின் மிகச் சிறிய வடிவம், கட்டிலிலும் மேசையிலும் அறுகோணக் குழி, சைக்கிளின் டிஸ்க் பிரேக்கில் ஆறு இதழ் நட்சத்திரம் என்று ஒரே வீட்டுக்குள் பல வகைத் திருகாணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித் திருப்புளி வாங்கினால் செலவு கூடும். வேண்டிய நேரத்தில் வேண்டியது கைக்குக் கிடைக்கவும் செய்யாது. ஒரே கைப்பிடியில் சிறு எஃகு முனைகளைச் செருகி மாற்றிக்கொள்ளும் திருப்புளி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. அந்த முனைகளைக் கடையிலும் பட்டறையிலும் பிட் என்றும், அவற்றைப் பிடித்துக்கொள்ளும் பகுதியை பிட் ஹோல்டர் என்றும் சொல்வார்கள். இந்தக் கட்டுரை, இதுவரை சாதாரணத் திருப்புளியை மட்டுமே தொட்டவர்களுக்கும், பிட் செட் ஒன்றை வாங்கிவிட்டு அதில் பாதி எதற்கென்று தெரியாமல் வைத்திருப்பவர்களுக்கும் எழுதப்படுகிறது.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சாதாரணத் திருப்புளியில் கையின் விசை ஒரே ஓர் இடத்தில், அதாவது முனையும் திருகாணியும் சேரும் இடத்தில்தான் கைமாறுகிறது. பிட் மாற்றும் திருப்புளியில் அப்படி இரண்டு இடங்கள் உண்டு: பிட் ஹோல்டருக்குள் உட்காரும் இடம் ஒன்று, பிட் திருகாணிக்குள் உட்காரும் இடம் மற்றொன்று. இவற்றுள் எது தளர்வாக இருந்தாலும் திருகாணியின் தலைதான் கெட்டுப்போகும். ஆகவே வாங்குவது முதல் துருப்பிடிக்காமல் பாதுகாப்பது வரை, கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டு பொருத்தங்களையும் சரியாக வைத்துக்கொள்வதற்கான வழிதான்.

கைப்பிடியைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் அளவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பிட்களின் அடிப்பகுதி அறுகோண வடிவில் இருக்கும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலம் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். உலகம் முழுவதும் மிகப் பரவலாகப் புழங்கும் அளவு இதுவே என்பதால், முதல் கைப்பிடி இந்த அளவில்தான் இருக்க வேண்டும். பிட் தேய்ந்துபோனால் எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் மாற்று கிடைக்கும். செல்பேசி, மடிக்கணினி, கைக்கடிகாரம் போன்றவற்றுக்கான நுண்ணிய பிட்களின் அடிப்பகுதி 4 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அவற்றுக்கு மெல்லிய தனிக் கைப்பிடி வேண்டும். மோட்டார் பட்டறையில் சுத்தியலால் அடித்துத் திருப்பும் கருவிகளில் 8 மில்லிமீட்டர் அகலப் பிட்களைக் காணலாம். இந்த மூன்று அளவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதால், கூடுதல் பிட் வாங்கப் போகும்போது பழைய பிட் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

6.35 மில்லிமீட்டர் பிட்களிலேயே இரு வகைகள் உள்ளன. ஒன்று 25 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டைப் பிட். மற்றொன்று 50 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளது. அதன் அறுகோணத் தண்டைச் சுற்றி ஒரு வளையப் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். உறையை இழுத்துப் பூட்டும் ஹோல்டருக்குள் இருக்கும் சிறு எஃகுக் குண்டு இந்தப் பள்ளத்தில் விழுந்துதான் பிட்டைப் பூட்டுகிறது. பள்ளமில்லாத குட்டைப் பிட்டை அத்தகைய ஹோல்டரில் போட்டால், சிலவற்றில் பூட்டாமல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். பூட்டிவிட்டதாக எண்ணிக் கூரை உயரத்தில் வேலை செய்யும்போது பிட் கீழே விழுவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

ஹோல்டர் பிட்டை எப்படிப் பிடிக்கிறது என்பது அடுத்த கேள்வி. காந்த வகையில் குழியின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். பிட்டைச் செருகுவதும் உருவுவதும் மிக எளிது. காந்த விசை பிட் வழியாகத் திருகாணிக்கும் செல்வதால், ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் திருகாணியை ஓட்டைக்குள் கொண்டுபோக முடியும். ஆனால் பித்தளைத் திருகாணியும், துருப்பிடிக்காத எஃகில் பெரும்பாலான திருகாணிகளும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. மேலும், நட்சத்திரக் குழி போன்ற இறுக்கமான பொருத்தங்களில் திருகாணியைத் திருகி முடித்துக் கைப்பிடியை இழுக்கும்போது, பிட் திருகாணியிலேயே தங்கிக் கைப்பிடி மட்டும் வெறுமனே வரும். ஆழமான ஓட்டைக்குள் இப்படி நேர்ந்தால் பிட்டை வெளியே எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

வில் வளைய வகையில், குழியின் உட்சுவரில் உள்ள மெல்லிய கம்பி வளையம் பிட்டின் மூலைகளில் உள்ள சிறு வெட்டுகளை அழுத்திப் பிடிக்கும். பிடிப்பு உறுதியாக இருக்கும். ஆனால் புதிய ஹோல்டரில் பிட்டை விரலால் உருவுவது கடினம், சில சமயம் இடுக்கி வேண்டியிருக்கும். மூன்றாவதான உறைப் பூட்டு வகையில், மூக்குப் பகுதியில் உள்ள உலோக உறையை இழுத்தால் பிட் விடுபடும், விட்டால் பூட்டிக்கொள்ளும். நாள் முழுவதும் பிட் மாற்ற வேண்டிய தச்சர்களுக்கும் ஏ.சி. மெக்கானிக்குகளுக்கும் இது ஏற்றது. வீட்டுக்கு வாங்கும் முதல் திருப்புளியாக, காந்தமும் வளையமும் சேர்ந்த ஹோல்டரையே நான் பரிந்துரைப்பேன். பிட் எளிதில் மாறவும் வேண்டும், இழுத்தால் வரவும் கூடாது என்ற இரண்டு தேவைகளும் அதில் ஓரளவு நிறைவேறுகின்றன.

கைப்பிடியின் பருமனைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. அதற்கு உரிய கவனம் தர வேண்டும். கையின் பிடி ஒரே அளவு விசையைத் தந்தாலும், 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள கைப்பிடி 16 மில்லிமீட்டர் கைப்பிடியைவிட இரு மடங்கு திருப்பு விசை தரும். துருப்பிடித்த கீல் திருகாணியைக் கழற்ற மெல்லிய கைப்பிடியோடு போராடுபவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது உடல் வலிமையன்று, பருத்த கைப்பிடி. அதற்கு நேர்மாறாக, மடிக்கணினிக்குள் பருத்த கைப்பிடியைப் பயன்படுத்தினால், விரல் அறியுமுன்னே சிறு திருகாணி முறிந்துவிடும்.

ராட்செட், அதாவது ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பும் பல்சக்கரம், உள்ள கைப்பிடியில் கையை எடுத்து எடுத்து வைக்காமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பலாம். வாங்கும்போது அதன் வளையத்தை மூன்று நிலைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும்: வலப்பக்கம், இடப்பக்கம், நடுவில் பூட்டு. நடுவில் பூட்டிய நிலையில் பிட்டைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது.

கடையில் செய்ய வேண்டிய கடைசிச் சோதனை மிக எளியது. பிட்டைச் செருகி, அதன் முனையை இரு விரலால் பிடித்து நான்கு பக்கமும் அசைத்துப் பாருங்கள். மிகச் சிறிய அசைவு எல்லா ஹோல்டரிலும் இருக்கும். ஆனால் முனை கண்ணுக்குத் தெரியும்படி வட்டமடித்தால் அந்த ஹோல்டரை வாங்க வேண்டாம். பிறகு கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் பிட் விழக் கூடாது.

எந்தெந்த பிட்கள் தேவை

நூறு பிட்கள் அடங்கிய பெட்டி கவர்ச்சியாக இருக்கும். ஆயினும் பெரும்பாலான வீடுகளில் அவற்றில் எண்பது ஒருமுறைகூட வெளியே எடுக்கப்படுவதில்லை. அடிக்கடி தேவைப்படும் நான்கைந்து மட்டும் தேய்ந்து கிடக்கும். பெட்டியின் விலையைப் பல சிறு பிட்களாகப் பிரித்துப் பெறுவதைவிட, நல்ல எஃகில் செய்த சிலவற்றைப் பெறுவதே மேல். பிட்டின் பக்கவாட்டில் அளவும், சிலவற்றில் எஃகு வகையும் பொறிக்கப்பட்டிருக்கும். எஸ்2 என்ற குறி கருவி எஃகைக் குறிக்கிறது. பிட்டுக்கு ஏற்ற கடினமும், எளிதில் நொறுங்காத தன்மையும் உடையது. குரோம் வனேடியம் எஃகு அதைவிட மலிவு; இலேசான வேலைகளுக்குப் போதும். அளவே பொறிக்கப்படாத பிட்களைத் தவிர்த்துவிடலாம்.

தொடக்கத்தில் கூட்டல் குறி வகையில் பிஎச்1, பிஎச்2 (பிஎச் என்பது பிலிப்ஸ் வகையின் குறி). இவற்றுள் பிஎச்2 மட்டும் இரண்டு மூன்றாக இருக்கட்டும். அதைப் போலவே தோன்றும் பாசிட்ரைவ் வகையில் பிஇசட்2 ஒன்று. நேர்க்கோட்டு வகையில் ஏறத்தாழ 4, 5.5, 6.5 மில்லிமீட்டர் அகலங்கள். அறுகோண வகையில் 3, 4, 5, 6 மில்லிமீட்டர். நட்சத்திர வகையில் டி10, டி15, டி20, டி25. இவற்றோடு 100 அல்லது 150 மில்லிமீட்டர் நீளமுள்ள பிஎச்2 பிட் ஒன்றும் வேண்டும். குட்டைப் பிட்டைப் பிடிக்கும் ஹோல்டரின் மூக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பருத்திருப்பதால், மிக்சியின் அடிப்பகுதியிலும் பிளாஸ்டிக் பொம்மையிலும் உள்ள ஆழமான ஓட்டைகளுக்குள் அது நுழையாது. அங்கே நீண்ட பிட் மட்டுமே போகும்.

திருகாணியின் தலையை அறிதல்

வேலையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகின்றன. ஆகவே இதற்கு நேரம் செலவிடத் தயங்க வேண்டாம்.

கூட்டல் குறி போலத் தோன்றுபவை எல்லாம் ஒரே வகையல்ல. மிகப் பரவலானது பிலிப்ஸ். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ், ஜான் தாம்ப்சன் என்பவரிடமிருந்து இதன் மூலக் கருத்தை வாங்கி மேம்படுத்தி, 1936இல் காப்புரிமை பெற்றார். ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியபின் மற்ற ஆலைகளும் ஏற்றுக்கொண்டன. நேர்க்கோட்டு வெட்டில் முனை பக்கவாட்டில் வழுக்கி விலகிவிடும். கூட்டல் குறியிலோ முனை தானாகவே நடுவில் வந்து நிற்கும். இயந்திரத்தால் விரைவாகத் திருக வேண்டிய ஆலைக்கு இது பெரிய வசதி. ஆனால் பிலிப்ஸ் குழியின் சுவர்கள் சரிவாக இருப்பதால், திருப்பு விசை கூடும்போது பிட் மேலே ஏறி வெளியே துள்ளிவிடுகிறது. துள்ளும் ஒவ்வொரு முறையும் குழியின் விளிம்பு சிறிது சிறிதாக வழித்தெடுக்கப்படும். எனவே பிலிப்ஸ் தலையில் திருப்புவதைவிட அழுத்துவதே பெரிய வேலை.

பிலிப்ஸைப் போலவே தோற்றமுடையது பாசிட்ரைவ். கூட்டல் குறியின் நான்கு கைகளுக்கு இடையே, மூலைவிட்டமாக நான்கு மெல்லிய கோடுகள் தலையில் தெரிந்தால் அது பாசிட்ரைவ். அதற்கான பிட்டில் பிஇசட் என்று பொறித்திருக்கும். அதன் நான்கு இறக்கைகளுக்கு இடையே சிறு விலா போன்ற மேடுகள் இருக்கும். ஐரோப்பிய வடிவமைப்பைப் பின்பற்றும் பலகைப் பொருள்களிலும், மின்பெட்டியில் உள்ள பல எம்சிபிகளின் (மின்னோட்டம் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்சுகளின்) முனையத் திருகாணிகளிலும் இந்த வகையைக் காணலாம். பாசிட்ரைவ் தலையில் பிலிப்ஸ் பிட் உட்காரும்; ஆனால் ஆடும், விசை கூடினால் துள்ளும். பிலிப்ஸ் தலையில் பாசிட்ரைவ் பிட் முழு ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணுவதால் கெடும் திருகாணிகள் மிகப் பல.

மூன்றாவது, ஜப்பானியத் தொழில்தர அளவின்படி அமைந்த கூட்டல் குறி. ஜப்பானிய வடிவமைப்பு மோட்டார் சைக்கிள்களிலும் கேமராக்களிலும் இது இருக்கும். பல தலைகளில் குழிக்கு அருகே ஒற்றைப் புள்ளி ஒன்று இடப்பட்டிருக்கும். பிலிப்ஸ் பிட் இதில் அடிவரை இறங்காமல் மேலேயே நிற்பதால், எஞ்சின் மூடித் திருகாணிகள் வழுக்கிப்போகின்றன. பழைய பைக்கை அடிக்கடி கழற்றிப் பூட்டுபவர் இந்த வகைப் பிட் ஒன்றைத் தனியாக வாங்கிவைப்பது பயனளிக்கும்.

நட்சத்திர வகையான டார்க்ஸ், 1967இல் அமெரிக்காவின் கேம்கார் நிறுவனம் கொண்டுவந்தது. இதன் குழிச் சுவர்கள் செங்குத்தாக இருப்பதால் பிட் மேலே துள்ளுவதில்லை. எனவே அழுத்தத்தைக் குறைத்து முழு விசையையும் திருப்புவதில் செலுத்தலாம். சைக்கிள் டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகட்டில் டி25, பழைய ஹார்டு டிஸ்க்குகளில் டி6, டி8 ஆகியவை வழக்கம். குழியின் நடுவில் ஒரு குத்தூசி நின்றால், முனையில் ஓட்டையுள்ள பிட் வேண்டும். கடையில் கேட்கும்போது ஒரு கவனம் தேவை: ஸ்டார் என்று கேட்டால் சிலர் கூட்டல் குறியையும் சிலர் ஆறு இதழையும் எடுத்துத் தருவார்கள். கழற்றிய திருகாணியைக் காட்டி வாங்குவதே உறுதியான வழி.

அறுகோணக் குழியில் மில்லிமீட்டர், அங்குலம் என்ற இரு கணக்குகள் கலந்துவிடுவது வழக்கம். 5/32 அங்குலம் ஏறத்தாழ 3.97 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் குழியில் அது பெரிய சிக்கல் தராது. 3/16 அங்குலமோ 4.76 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் குழியில் அதைப் போட்டு இறுக்கினால் மூலைகள் உருண்டுவிடும். நம் ஊரில் கிடைக்கும் பொருள்களில் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவே இருக்கும் என்பதால், அங்குலப் பிட்களை வேறு பெட்டியில் போட்டுவிடுவது நல்லது.

நேர்க்கோட்டு வெட்டுக்கு ஒரே விதி: முனை வெட்டின் நீளத்தையும் தடிமனையும் நிரப்ப வேண்டும், ஆனால் தலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

படிப்படியாகச் செய்யும் முறை

திருகாணியின் குழியில் பெயின்ட், தூசி, துரு எதுவும் இருக்கக் கூடாது. ஊசி அல்லது மெல்லிய கம்பியால் சுரண்டி, வாயால் ஊதாமல் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். ஊதினால் துருத்தூள் கண்ணில் விழும். சுவரோடு சேர்த்துப் பலமுறை பெயின்ட் அடிக்கப்பட்ட கீல்களில் குழியே கண்ணுக்குத் தெரியாது. அங்கே சிறிய நேர்க்கோட்டு பிட்டின் மூலையால் பெயின்டைப் பெயர்த்தெடுத்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அடுத்து, கைப்பிடி இல்லாமல் பிட்டை மட்டும் விரலில் எடுத்துத் தலையில் வைத்துப் பாருங்கள். பெரிய அளவிலிருந்து தொடங்கிச் சிறியதற்கு இறங்குவதே முறை. பிஎச்2 தலையில் பிஎச்1 எளிதாக இறங்கும். திருப்பவும் முடிவதுபோலத் தோன்றும். ஆனால் அது குழியின் அடியில் மட்டும் தொட்டுக்கொண்டிருப்பதால், சற்று இறுகிய திருகாணியாக இருந்தால் நடுவைக் குடைந்து வட்டமாக்கிவிடும். சரியான பிட் அடிவரை இறங்கி நிற்கும். விரலால் தட்டினால் ஆடாது. சில்லறைத் திருகாணி ஒன்று கையில் இருந்தால் அதைச் சரியான பிட்டின் முனையில் பொருத்திக் கிடைமட்டமாகப் பிடித்துப் பாருங்கள். நல்ல பிஎச்2 பிட்டில், காந்தம் இல்லாமலேயே உராய்வால் திருகாணி சற்று நேரம் நிற்கும். இந்தப் பொருத்தத்தை விரல் ஒருமுறை உணர்ந்துவிட்டால், பிறகு அளவைப் படித்துப் பார்க்க வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

பிறகு பிட்டை ஹோல்டரில் செருகுங்கள். காந்த வகையானால் சிறு ஒலியோடு அடியில் போய் ஒட்டும். வளைய வகையானால் கடைசியில் சற்று அழுத்தித் தள்ள வேண்டும். உறை வகையானால் பூட்டியபின் பிட்டை வெளிப்பக்கமாக ஒருமுறை இழுத்து உறுதிசெய்ய வேண்டும். பிட் அடிவரை போகாமல் நின்றால் குழிக்குள் இரும்புத் தூளோ மரத்தூளோ இருக்கக்கூடும். அதை வெளியேற்றாமல் விசை கொடுத்தால் அறுகோணத்தின் மூலைகள் தேயும்.

கழற்றும்போது முன்கை, கைப்பிடி, பிட், திருகாணி ஆகிய நான்கும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கைப்பிடியின் பின்புறத்தை உள்ளங்கையின் நடுவில் அமர்த்தி, உடலின் எடை அதன்மேல் இறங்கும்படி நில்லுங்கள். முதலில் அழுத்தம், அதன்பின் திருப்பு. இந்த வரிசை மாறக் கூடாது. முதல் கால் வட்டம்தான் கடினமானது. அது நகர்ந்துவிட்டால் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ராட்செட் கைப்பிடியில், முதல் அசைவை நடுப்பூட்டு நிலையில் கொடுத்துவிட்டு, அதன்பிறகு ராட்செட்டுக்கு மாறுவதே பல்சக்கரத்துக்கு நல்லது. திருகாணி முற்றிலும் தளர்ந்தபின் ராட்செட் பயன்படாது; கையைப் பின்னே திருப்பும்போது திருகாணியும் சேர்ந்து பின்னே வந்துவிடும். அந்த நேரத்தில் மீண்டும் பூட்டிவிட்டு விரலால் சுழற்றுங்கள்.

பூட்டும்போது செய்ய வேண்டிய ஒரு சிறு செயல், பிளாஸ்டிக் பொருள்களின் ஆயுளையே நீட்டிக்கும். திருகாணியை ஓட்டையில் வைத்து, முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் திருகாணி சட்டென்று மிகச் சிறிதளவு கீழே இறங்குவது விரலில் தெரியும். பழைய மரையின் தொடக்கம் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால், ஏற்கெனவே வெட்டப்பட்ட மரையிலேயே திருகாணி போகும். இதைச் செய்யாமல் நேரே அழுத்தித் திருப்பினால், ஒவ்வொரு முறையும் புதிய மரை வெட்டப்பட்டு, சில தடவைக்குள் ஓட்டை பெரிதாகித் திருகாணி பிடிக்காமல் போகும். மிக்சி, ரிமோட், பொம்மை ஆகியவற்றில் திருகாணி வெறுமனே சுற்றிக்கொண்டிருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பல திருகாணிகள் உள்ள மூடியில், எல்லாவற்றையும் பாதிவரை திருகிவிட்டு, பிறகு எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் தலை மேற்பரப்பைத் தொட்டபின் சற்றே இறுக்கி நிறுத்திக்கொள்ளுங்கள். பலகைப் பொருள்களில் உள்ள துகள்பலகை, இறுக்கம் கூடினால் உள்ளேயே நொறுங்கிவிடும். அதன்பின் அந்த ஓட்டையில் எதுவும் நிற்காது.

அசைய மறுக்கும் திருகாணி

முதலில் இறுக்கும் திசையில் மிகச் சிறிது திருப்பிப் பார்க்க வேண்டும். துருவின் பிடி விடுபட்டால் பிறகு கழன்று வரும். நகரவில்லையெனில், துருநீக்கி எண்ணெயைத் துளியாக விட்டு, ஓர் இரவு விட்டுவைப்பது பலனளிக்கும். மடிக்கணினியின் சிறு திருகாணிகளின் மரையில் நீல நிறப் பசை தடவியிருந்தால், சால்டரிங் அயர்னின் முனையைத் தலையில் சில நொடிகள் வைத்து எடுத்தால் பசை இளகும். ஆனால் அருகில் பேட்டரி இருந்தால் இதைச் செய்யக் கூடாது.

பிட் மாற்றும் திருப்புளியின் பின்புறத்தைச் சுத்தியலால் அடிக்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் எஃகுத் தண்டு கைப்பிடியின் கடைசிவரை செல்வதில்லை. அடியில் காந்தம் உடையும், அல்லது பிளாஸ்டிக் பிளக்கும். அடிக்க வேண்டிய வேலைக்கு, பைக் பட்டறைகளில் உள்ள கனமான உருளை வடிவ இம்பாக்ட் டிரைவரே உரியது. அதன் தலையில் சுத்தியலால் அடித்தால், அடியின் விசை பிட்டைக் குழிக்குள் அழுத்துவதோடு ஒரு சிறு கோணம் திருப்பவும் செய்யும்.

தலை ஏற்கெனவே பாதி கெட்டிருந்தால், அதே பிட்டால் மீண்டும் மீண்டும் முயல்வதை உடனே நிறுத்துங்கள். ஓர் அளவு பெரிய பிட், அல்லது சற்றே பெரிய டார்க்ஸ் பிட்டைக் குழியில் மெல்லத் தட்டி இறக்குவது, சில சமயம் புதிய பிடியைத் தரும். இதற்கு பிட்டை ஹோல்டரிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துத் தட்ட வேண்டும்.

மின்சாரம் உள்ள இடங்களில்

சாதாரண பிட் திருப்புளி மின்காப்புள்ள கருவி அல்ல. கைப்பிடி பிளாஸ்டிக்காக இருப்பதை வைத்து அப்படி நினைத்துவிடக் கூடாது. ஹோல்டரின் மூக்கும் பிட்டும் வெற்று உலோகம், விரல் நழுவினால் தொட்டுவிடும் தூரத்தில் இருப்பவை. நம் வீடுகளில் வருவது 230 வோல்ட். சுவிட்ச் போர்டைத் திறக்கும் முன் உரிய எம்சிபியை அணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மெயினை அணைத்தாலும் விளக்கு, மின்விசிறி இணைப்புகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதால், இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பிறகு டெஸ்டரை, மின்சாரம் இருப்பது உறுதியான வேறொரு பிளக்கில் முதலில் சோதித்து, அது எரிகிறது என்று கண்டபின்பே வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

மின்வேலையே தொழிலாக உள்ளவர்களுக்கென்று, முனைமாற்றும் வகையிலேயே மின்காப்புள்ள திருப்புளிகள் உண்டு. அவற்றில் நுனி தவிர்த்த முழுத் தண்டும் காப்புறையோடு கைப்பிடிக்குள் போகும். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறித்திருக்கும். அந்தக் கைப்பிடியில் சாதாரண பிட்டைச் செருகினால் காப்பு போய்விடும்.

மடிக்கணினியும் செல்பேசியும்

இங்கே 4 மில்லிமீட்டர் பிட்கள் வேண்டும். மடிக்கணினியின் அடிமூடி பெரும்பாலும் பிஎச்0 அல்லது பிஎச்1, செல்பேசிக்குள் பிஎச்000. ஐபோனின் அடிப்பக்கத்தில் உள்ள இரு திருகாணிகள் ஐந்து இதழ் வடிவம் கொண்டவை, அவற்றுக்கு 0.8 மில்லிமீட்டர் அளவுள்ள பி2 பிட் தேவை. புதிய மாதிரிகளின் உள்ளே மூன்று கை வடிவமும் வருகிறது. இந்தக் கைப்பிடிகளின் பின்புறத்தில் தனியாகச் சுழலும் மூடி இருக்கும். சுட்டுவிரலை அதன்மேல் அழுத்திக்கொண்டு, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் தண்டைச் சுழற்ற வேண்டும். உள்ளங்கையால் பிடிக்கவே கூடாது.

கழற்றும் திருகாணிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் நீளத்தில் வேறுபடும். நீளமானதைக் குட்டையான இடத்தில் திருகினால் அதன் நுனி சர்க்யூட் போர்டைத் துளைத்து உள்ளே உள்ள இணைப்பை அறுத்துவிடும். ஒரு வெள்ளைத் தாளில் மூடியின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்திலேயே டேப்பால் ஒட்டிவைத்தால் இந்தக் குழப்பம் நேராது.

டிரில்லில் பிட் ஹோல்டர்

அறுகோணத் தண்டுள்ள 60 மில்லிமீட்டர் காந்த ஹோல்டரை பேட்டரி டிரில்லின் சக்கில், அதாவது அதன் கவ்வும் வாயில், பிடித்துக்கொண்டால், கையில் பயன்படுத்தும் அதே குட்டைப் பிட்களை அங்கும் பயன்படுத்தலாம். டிரில்லின் கழுத்தில் உள்ள, திருப்பு விசையைக் கட்டுப்படுத்தும் எண் வளையத்தை மிகச் சிறிய எண்ணில் வைத்துத் தொடங்கி, திருகாணி முழுவதும் இறங்காமல் நின்றால் மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். வேகம் குறைந்த நிலையிலேயே இருக்கட்டும். டிரில்லைப் போலவே பேட்டரியில் இயங்கி அடித்துச் சுழலும் இம்பாக்ட் டிரைவரில் சாதாரண பிட்கள் நுனி முறிந்து தெறிக்கக்கூடும். அதற்கென்று, இடை மெலிந்து சற்றே முறுக்குக் கொடுக்கும் பிட்கள் விற்கின்றன. பாதுகாப்புக் கண்ணாடி அணிவதைத் தவிர்க்க வேண்டாம்.

பராமரிப்பு

காந்தக் குழியின் அடியில் இரும்புத் தூள் படிந்து, பிட் முழு ஆழத்துக்கு இறங்காமல் செய்துவிடும். துணியால் துடைத்தால் போகாது. குச்சியின் நுனியில் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, உள்ளே விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் பிட்கள் விரைவில் துருப்பிடிக்கும்; தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் ஒரு துளி விட்டுப் பிட்களைத் துடைத்து, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். ஆனால் முனையில் எண்ணெய்ப் பிசுக்கு மிகுதியாக இருந்தால் பிட் வழுக்கும் என்பதால், வேலை தொடங்கும் முன் நுனியை மட்டும் உலரத் துடைத்துவிட வேண்டும்.

வேலைக்கு நடுவே பிட்டைச் சட்டைப் பையிலோ தரையிலோ வைக்காமல், பெட்டியில் அதன் இடத்தில் வைத்த பிறகே அடுத்ததை எடுப்பது என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். பெட்டியில் ஓர் இடம் காலியாக இருந்தால், எந்த பிட் எங்கோ விடுபட்டிருக்கிறது என்பது மூடும்போதே தெரிந்துவிடும். மடிக்கணினிக்குள்ளோ மின்பெட்டிக்குள்ளோ உலோகத் துண்டு தங்கிவிடாமல் இருக்க இது நம்பகமான காவல்.

பிஎச்2 பிட்டின் இறக்கைகளை வெளிச்சத்தில் மாதம் ஒருமுறையாவது திருப்பிப் பாருங்கள். விளிம்புகள் கூர்மையாக இல்லாமல் உருண்டு பளபளத்தாலோ, இறக்கை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தாலோ அந்த பிட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அரம் கொண்டு கூர்மையாக்க முயல வேண்டாம். முனையின் கோணத்தைக் கையால் திரும்பக் கொண்டுவர முடியாது. பிஎச்2 பிட்கள் மட்டும் பத்து அடங்கிய பொட்டலமாகவே விற்கப்படுகின்றன. கைப்பிடி பல ஆண்டுகள் உழைக்கும். பிட் தேய்வதற்கென்றே உள்ளது என்பதால், அந்தப் பொட்டலம் ஒன்றைப் பெட்டியோடு சேர்த்து வைத்திருங்கள்.